அருவிக்குப் போகையிலே கண்ணாடி எதற்கு?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியிலே அமர்ந்து இப்போதே என்னை முறைத்துக்கொண்டிருக்கிற அன்பு நண்பர்களே, சாரலையும் பொருட்படுத்தாமல் குடையோடும் குழந்தையோடும் வந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

"அழகைப் பற்றிய அக்கறை நம்மை வாழ வைக்கிறதா, வாட வைக்கிறதா?" இதுதான் தலைப்பு. வாட வைக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை ரொம்ப அழகாகப் பேசினார். "சுற்றுலாவுக்குப் போகுமுன் ஒரு மாதம் உடம்பைத் தயார் பண்ணிக்கொண்டால் என்ன தப்பு? கடற்கரைக்குப் போகணும், அருவிக்குப் போகணும், நாலு பேர் பார்க்கிற இடம். தொடையிலே தோல் குழிகுழியாக இருந்தால் தன்னம்பிக்கை வருமா?" என்று கேட்டார்.

நடுவர் அவர்களே, பெட்டியைத் தயார் பண்ணுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். புளியோதரை தயார் பண்ணுவார்கள், அதுவும் தெரியும். தொடையைத் தயார் பண்ணுகிற காலம் வந்துவிட்டதே! (சிரிப்பு)

அந்தக் குழிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். செல்லுலைட். சாத்துக்குடித் தோல் மாதிரி தொடையிலும் இடுப்புக்குக் கீழேயும் லேசான மேடு பள்ளம். இது என்ன நோய் என்று கேட்டீர்களானால், நோயே இல்லை என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பருவம் வந்த பெண்களில் நூற்றுக்கு 80 முதல் 90 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு. ஒல்லியானவருக்கும் உண்டு, பருமனானவருக்கும் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இருப்பதைக் குறை என்று சொன்னால், மூக்கு இருப்பதைக்கூட நாளைக்குக் குறை என்று சொல்லலாமே ஐயா! (கைதட்டல்)

ஏன் வருகிறது? நம்ம வீட்டு இலவம்பஞ்சு மெத்தையை நினைத்துப் பாருங்கள். பஞ்சு ஒரே பக்கமாக ஒதுங்கக் கூடாது என்று அங்கங்கே நூல் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். முடிச்சுப் போட்ட இடம் பள்ளம், பஞ்சு பிதுங்குகிற இடம் மேடு. அவ்வளவுதான் செல்லுலைட். தோலுக்கு அடியிலே கொழுப்பு என்கிற பஞ்சு. தோலைக் கீழே இழுத்துக் கட்டியிருக்கிற நார்கள்தான் அந்த நூல். பெண்ணுக்கு அந்த நார்கள் பெரும்பாலும் நேர்க்குத்தாக இருக்கின்றன, கொழுப்பு இடுக்கிலே பிதுங்குகிறது. ஆணுக்கு வலை பின்னின மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன, தோலும் தடிமன். அதனால் ஆண்களுக்கு அபூர்வமாகத்தான் வரும். உடனே ஆண்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்காராதீர்கள். உங்களுக்குப் பஞ்சு முழுவதும் முன்பக்கம் வயிற்றிலே ஒதுங்கிவிட்டது! (பலத்த சிரிப்பு)

சரி, இந்தக் கவலை எப்போது வந்தது? நடுவர் அவர்களே, குழி பழசு, கவலைதான் புதுசு. பிரெஞ்சு மொழியிலே புழங்கிக்கொண்டிருந்த இந்தச் சொல், 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'வோக்' என்கிற நாகரிக இதழிலே வந்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்கப் பெண்களிடம் பரவியது. 1968க்கு முன்னால் அமெரிக்காவிலே பெண்களுக்குத் தொடை இல்லையா? இருந்தது. குழி இல்லையா? இருந்தது. பெயர் இல்லை, அதனால் பயமும் இல்லை. அதற்கும் முந்நூறு வருஷம் முந்தி, ரூபன்ஸ் என்று ஐரோப்பாவிலே ஒரு பெரிய ஓவியர். 1640இல் காலமானவர். அழகுத் தேவதைகள் மூவரை அவர் வரைந்த ஓவியம் மாட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்திலே இருக்கிறது. அந்தத் தேவதைகளின் தோலிலே இதே மேடு பள்ளத்தை அவர் மறைக்காமல் வரைந்திருக்கிறார். அன்றைக்கு அது தேவதையின் உடம்பு. இன்றைக்கு அதே உடம்புக்குக் களிம்பு விற்கிறார்கள்!

களிம்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. டப்பாவிலே என்ன எழுதியிருக்கிறான் என்று யாராவது நிதானமாகப் படித்திருக்கிறீர்களா? 'செல்லுலைட்டைப் போக்கும்' என்று எழுத மாட்டான். 'செல்லுலைட்டின் தோற்றத்தைக் குறைக்கும்' என்றுதான் எழுதுவான். தோற்றம்! நான் தமிழ் வாத்தியார், எனக்கு அந்த ஒரு சொல் போதும். கடனைக் குறைப்பேன் என்று சொல்வது வேறு, கடனின் தோற்றத்தைக் குறைப்பேன் என்று சொல்வது வேறு! (சிரிப்பு, கைதட்டல்) குணமாக்கும் என்று சொன்னால் அது மருந்தாகிவிடும். மருந்துக்கு நிரூபணம் கேட்பார்கள். நம் நாட்டிலே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கிற சட்டம். உடல் பருமனைக் குணப்படுத்துவேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. அதனால்தான் அந்த விற்பனைக்காரர் 'தோற்றம்' என்கிற சொல்லைப் பிடித்துத் தொங்குகிறார்.

எதிரணித் தங்கை கேட்கலாம், "அப்போ எதுவுமே பயன் தராதா?" நியாயமான கேள்வி. நியாயமாகவே சொல்கிறேன். காப்பியிலே இருக்கிற காஃபீன் சேர்ந்த களிம்புகள் உண்டு. தடவினால் தோல் கொஞ்சம் இறுகின மாதிரி தெரியும், நிறுத்தினால் பழைய கதைதான். காப்பியைத் தொடையிலே தேய்ப்பதற்குப் பதில் குடித்தாலாவது தலைவலி போகும்! (சிரிப்பு) ரெட்டினால் என்கிற பொருள் சேர்ந்த களிம்பு மாதக்கணக்கில் தடவினால் சிலருக்குத் தோல் சற்றுத் தடிக்கும், குழி கொஞ்சம் மங்கும். ஆனால் கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது. மூன்று வாரத்திலே விடுமுறை, அதற்குள் மறையணும் என்றால் நடக்காது. பிடித்துவிடுவது, உருட்டிவிடுவது எல்லாம் சுகமாக இருக்கும். பலன் நாள் கணக்கிலே கரைந்துவிடும்.

பெரிய மருத்துவத்தையும் சொல்லிவிடுகிறேன். தோலை இழுக்கிற அந்த நாரைக் கரைக்க ஓர் ஊசி மருந்து வந்தது. அமெரிக்க அரசு 2020இல் அனுமதி கொடுத்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2022 டிசம்பரிலே அந்த நிறுவனமே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. காரணம் என்ன தெரியுமா? ஊசி போட்ட இடத்திலே கன்றிப்போவதும், தோல் நிறம் மாறி அது நீடிப்பதும்தான். குழியை மறைக்கப் போய்க் கறையை வாங்கின கதை! நாரை வெட்டிவிடுகிற சிகிச்சைகளும் இருக்கின்றன. தகுந்த மருத்துவர் கையிலே சிலருக்குப் பலன் தருகின்றன. ஆனால் அதுவும் செலவு, அதுவும் வலி. கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்களே, அது இதற்கான வைத்தியமே இல்லை. சில நேரம் மேடு பள்ளம் கூடிவிடும்.

மிச்சம் இருப்பது என்ன? நடை. மாடிப்படி. குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலை. அடியிலே தசை திடமாக இருந்தால் மேலே தோலும் சீராகத் தெரியும். பட்டினி கிடந்து திடீரென்று இளைத்தால் தோல் தொளதொளத்துப்போய்க் குழி இன்னும் நன்றாகத் தெரியவும் கூடும். எப்படிப் பார்த்தாலும் முழுக்கப் போகாது. ஆனால் நடந்தால் மூட்டுக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது. தொடைக்காக நட என்றால் மூன்று வாரம் நடப்பாள். உனக்காக நட என்றால் முப்பது வருஷம் நடப்பாள்!

இந்த இடத்திலே தாய்மார்கள் ஒன்றைக் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது சிரிக்கிற விஷயம் இல்லை. செல்லுலைட் என்பது வேறு, செல்லுலைட்டிஸ் என்பது வேறு. கடைசியிலே இரண்டு எழுத்து கூடினால் ஆளையே சாய்த்துவிடும். செல்லுலைட்டிஸ் என்பது கிருமித் தொற்று. ஒரு கால் மட்டும் திடீரென்று சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டு, வலித்துக் காய்ச்சலும் வந்தால், அழகு நிலையத்துக்குப் போகாதீர்கள், களிம்பு தேய்க்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம் போகணும். சிவக்காமலே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் மருத்துவரைப் பார்க்கணும், இரத்தக்கட்டாக இருக்கலாம். எதற்குக் கவலைப்படணும், எதற்குக் கவலைப்படக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் அக்கறை. மற்றதெல்லாம் அரிப்பு!

இப்போது நம்ம ஐந்தருவிக்கு வருகிறேன். சிற்றாற்றுத் தண்ணீர் திரிகூட மலையிலே சுமார் 40 அடி உயரத்திலிருந்து விழுகிறபோதே ஐந்தாகப் பிரிகிறது. ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். பெண்கள் பக்கம் போய்ப் பாருங்கள். யாரும் யார் தொடையையும் பார்ப்பதில்லை. எல்லோரும் சேலையோடு, சுடிதாரோடு, நைட்டியோடு நிற்கிறார்கள். பார்க்க நேரமும் இல்லை. தண்ணீர் மண்டையிலே அடிக்கிற அடியிலே கண்ணையே திறக்க முடியாதே! (சிரிப்பு) அந்த அருவி ஒல்லி, பருமன் பார்த்தா விழுகிறது? கலெக்டர் அம்மாவுக்கும் கீரை விற்கிற அம்மாவுக்கும் ஒரே அடிதானே?

ஆனால் அந்தப் பெண்கள் பக்கத்திலே இன்னொரு காட்சியும் இருக்கிறது. கரையிலே ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள். மடியிலே எட்டுப் பேர் துணி. இந்தப் பக்கம் மூன்று பை, அந்தப் பக்கம் ஆறு ஜோடிச் செருப்பு. "ஏளா, நீங்க எல்லாரும் போய்க் குளிங்க, நான் பையைப் பாத்துக்கிடுதேன்" என்பாள். "நீங்க குளிக்கலையாம்மா?" என்று கேட்டால், "எனக்குச் சளி பிடிக்கும்" என்பாள். நடுவர் அவர்களே, அது சளி இல்லை. நனைந்தால் துணி உடம்போடு ஒட்டும், தடித்த உடம்பு தெரியும், கூட வந்த மருமகள் பார்ப்பாள், சம்பந்தி அம்மாள் பார்ப்பாள் என்கிற கூச்சம். மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. முப்பது வருஷம் அடுப்படியிலே நின்ற கால். அந்த உடம்புக்குத்தான் அருவி முதலில் விழணும். அந்தக் கால்தான் கரையிலேயே காய்ந்துபோய்த் திரும்புகிறது! (நீண்ட கைதட்டல்)

அது அம்மாவின் தலைமுறை. மகள் தலைமுறை எப்படி? என்னிடம் படித்த ஒரு பெண். நல்ல வேலை, நல்ல சம்பளம். தோழிகளோடு கோவா போக ரயில் டிக்கெட் எல்லாம் போட்டாயிற்று. ஒரு அழகு நிலையத்திலே தொடைக்கு என்று ஏதோ ஒரு திட்டம் சொல்லியிருக்கிறார்கள். இருபதாயிரம் ரூபாய். கட்டினாள். பத்துத் தடவை போனாள். கண்ணாடியிலே குழி அப்படியே இருந்தது. என்ன செய்தாள் தெரியுமா? பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. டிக்கெட்டை ரத்து பண்ணிவிட்டாள்! "மேடம், அடுத்த வருஷம் சரியானதும் போறேன்" என்றாள். நான் சொன்னேன், "கண்ணு, கடல் அடுத்த வருஷமும் இருக்கும். உன் இருபத்தாறு வயசு இருக்காது."

அம்மா கரையிலே உட்கார்ந்துவிட்டாள். மகள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிரணி இதைத்தான் வாழ வைக்கிறது என்கிறதா?

தங்கை இன்னொன்றும் சொன்னார். "நம் முன்னோர்களே எண்ணெய் தேய்த்து அழகு பார்க்கவில்லையா?" என்றார். ஆமாம் தாயே, தேய்த்தார்கள். இந்தக் குற்றாலத்திலே கோயில் கொண்டிருக்கிற குற்றாலநாதருக்கே மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். அகத்தியர் திருமாலின் தலையிலே கை வைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கியதால் தலைவலி வந்தது, அதற்குத் தைலம் என்று தலபுராணக் கதை. கவனியுங்கள், வலிக்குத் தைலம்! அழகுக்கு இல்லை. அருவிக்கரையிலே முன்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக இருப்பார்கள். உடம்பு அசதி போகட்டும் என்று தேய்த்தார்கள், குழி மறையட்டும் என்றா தேய்த்தார்கள்? இப்போது தண்ணீர் கெடக் கூடாது என்று எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஷாம்புக்கும் நீதிமன்றமே தடை போட்டிருக்கிறது. நல்ல தடை. மனசுக்கும் ஒரு தடை போட முடியுமானால் நன்றாக இருக்கும்: 'கண்ணாடிக் கவலையோடு அருவிக்குள் வரக் கூடாது!'

உண்மையான ஜாக்கிரதை எங்கே வேணும் தெரியுமா? 2024 மே 17ஆம் தேதி, இதே குற்றாலத்திலே, பழைய குற்றால அருவியிலே திடீர் வெள்ளம் வந்தது. பதினேழு வயசு மாணவன் ஒருவன் போய்விட்டான். மலைமேலே மழை கறுத்தால், போலீஸ்காரர் விசில் ஊதினால், உடனே வெளியே வரணும். அருவிக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டியது மேலே மலையை. கீழே தொடையை இல்லை.

(மணி ஒலிக்கிறது)

முடிக்கிறேன் ஐயா. மணியின் தோற்றத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்! (சிரிப்பு)

குற்றாலக் குறவஞ்சியிலே திரிகூடராசப்பக் கவிராயர் ஒரு குறத்தியைப் படைத்தாரே, அவள் மேடையேறியதும் எதைப் பெருமையாகச் சொன்னாள்? தன் மலையைச் சொன்னாள். தன் நாட்டைச் சொன்னாள். காடு மேடெல்லாம் நடந்த காலோடு நிமிர்ந்து நின்று குறி சொன்னாள். அந்த நிமிர்வுக்குப் பெயர்தான் ஐயா அழகு.

எனவே, தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்திலே ஐந்து நாளாவது நடங்கள், உங்களுக்காக. டப்பாவை வாங்குமுன் எழுத்தைப் படியுங்கள். கடலோ அருவியோ, போகிற வாய்ப்பு வந்தால் போய்விடுங்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கிற அப்பாக்களே, பிள்ளைகளே, மருமகள்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளைக்குக் காலையிலே ஐந்தருவிக்குப் போவீர்கள். பையையும் செருப்பையும் மருமகள் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் அந்த அம்மாவின் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப் போங்கள். "சளி பிடித்தால் நான் கஷாயம் வைக்கிறேன், நீங்க உள்ளே போங்க" என்று அப்பாக்கள் சொல்லுங்கள். அவள் நனைந்து, நடுங்கி, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வெளியே வருவாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எதிரணி நண்பர்கள் சொல்லட்டும், எது நம்மை வாழ வைக்கிறது என்று.

கவலை வாட வைக்கிறது, அருவிதான் வாழ வைக்கிறது என்று நல்ல தீர்ப்பு தர வேண்டும் என நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)