நோயாளி தரும் சான்று

செவிலியர் பணியும் பண்பாடும் என்பது இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நோயாளியின் பண்பாட்டைச் செவிலியர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தொடங்கி, அந்த இடத்திலேயே முடித்தும் விடுகிறார்கள். அது பாதிதான், அதுவும் எளிதான பாதி. செவிலியருக்கும் ஒரு பண்பாடு உண்டு, அவர் கையில் அதிகாரமும் உண்டு, பராமரிப்பு நன்றாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றவரே என்பது மீதிப் பாதி. அதை உரக்கச் சொன்னவர்கள் நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர்கள்.

முதல் பாதிக்கு உரியவர் அமெரிக்கச் செவிலியர் மேடலின் லைனிங்கர். 1950களில் சின்சினாட்டியில் குழந்தைகள் மனநல விடுதி ஒன்றில் பணியாற்றியபோது, ஒரே மாதிரியான கவனிப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்துவராததை அவர் கண்டார். மானுடவியல் படித்தார், நியூ கினி மலைநாட்டு மக்களோடு தங்கி ஆராய்ந்தார், பண்பாடுகளைக் கடந்த செவிலியம் என்று ஒரு துறையையே உருவாக்கினார். பெரிய பணிதான். ஆனால் அத்தகைய அறிவு பாடப்புத்தகத்துக்குள் வரும்போது எளிதில் பட்டியலாகிவிடுகிறது. பியர்சன் நிறுவனம் வெளியிட்ட செவிலியர் பாடநூல் ஒன்றில், எந்த இனத்தார் வலியை எப்படி வெளிப்படுத்துவார்கள் என்று கட்டம் கட்டி அச்சிட்டிருந்தார்கள். யூதர்கள் குரல் கொடுத்து உதவி கேட்டுக்கொண்டே இருப்பார்கள், கறுப்பினத்தவர் மற்றவர்களைவிட வலி அதிகம் என்பார்கள் என்ற ரீதியில் அது போனது. 2017-இல் கண்டனம் எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. பண்பாட்டு அறிவைப் புகட்டுவதாக நம்பித்தான் எழுதியிருப்பார்கள்; என் கவலையே அதுதான். இதற்கு ஓராண்டு முன்பு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் ஆராய்ந்தார்கள். கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது ஏறத்தாழப் பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். படுக்கையில் கிடப்பவரைப் பார்க்காமல் பட்டியலைப் பார்த்தால், வலி மருந்து தாமதமாகத்தான் வரும்.

நியூசிலாந்தில் கதை வேறு திசையில் போனது. 1840-இல் வைதாங்கியில் பிரிட்டிஷ் முடியரசும் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிறகு மாவோரிகள் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தார்கள். இன்றுவரை அவர்களின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிடக் குறைவு. 1988-இல் கிறைஸ்ட்சர்ச்சில் கூடிய ஒரு கூட்டத்தில் மாவோரி மாணவி ஒருவர் கேட்டார்: சட்டப் பாதுகாப்பு, நெறிப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு எல்லாம் பேசுகிறீர்கள், பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே? அந்தக் கேள்வியைக் கோட்பாடாக வளர்த்தவர் மாவோரிச் செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன். மாவோரிச் சடங்குகளை மனப்பாடம் செய்யுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தன் வர்க்கம், தன் வளர்ப்பு, தன் முன்முடிவுகள், தன் மக்களின் வரலாறு ஆகியவற்றைச் செவிலியர் முதலில் பார்க்கட்டும் என்றார். 1992-இல் நியூசிலாந்துச் செவிலியர் மன்றம் இதைப் பதிவு பெறுவதற்குரிய பயிற்சியில் கட்டாயமாக்கியது. பத்திரிகைகள் கொதித்தன, 1995-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது, ஆனாலும் பாடம் நீடித்தது. 2003-இல் அந்நாட்டில் வந்த சட்டம் ஒன்று பண்பாட்டுத் திறனுக்கு நெறிமுறை வகுக்கும் கடமையை எல்லா மருத்துவத் தொழில் மன்றங்களுக்கும் விதித்தது.

அப்படியானால் வழக்கங்களை அறிவது வீணா என்று கேட்கலாம். வீணில்லை. மாவோரிகளுக்குத் தலை புனிதமானது. தலைக்கு வைக்கும் தலையணையைக் காலுக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் அங்கே பல மருத்துவமனைகளில் இரண்டுக்கும் வெவ்வேறு நிற உறைகள் போடுகிறார்கள். நஞ்சுக்கொடியை மண்ணில் புதைப்பது அவர்கள் மரபு. அதை வீட்டாரிடம் கொடுத்தனுப்புகிறார்கள். செலவு அற்பம், பயன் பெரிது. ஆனால் இந்த அறிவு செவிலியரின் வாயில் கேள்வியாக வர வேண்டும், தீர்ப்பாக வரக் கூடாது. எந்த மாவோரியும் தன் இனத்தின் சராசரி அல்லர்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சாதி, மதம், நிறம் பாராமல் எல்லோரையும் ஒன்றாக நடத்துவதல்லவா செவிலியர் தர்மம்? உயர்ந்த கொள்கைதான். ஆனால் எல்லோரையும் ஒன்றாக நடத்தும்போது அந்த 'ஒன்று' யாருடைய அளவில் தைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது மருத்துவமனையை நடத்துவோரின் அளவு. வேற்றுமையைப் பாராமல் என்பதை விட்டு, வேற்றுமையைக் கணக்கில் கொண்டு பராமரிக்கச் சொன்னார் ராம்ஸ்டன். நேரம் எங்கே என்பவர்களுக்கு, மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மனும் உடனாய்வாளர்களும் 1978-இல் வெளியிட்ட எளிய கேள்விகளைச் சொல்வேன்: இந்த நோய் எதனால் வந்ததாக நினைக்கிறீர்கள், இதில் உங்களுக்கு எது அதிகப் பயம்? ரத்த அழுத்தம் பார்க்கும்போதே கேட்டுவிடலாம். கேடான வழக்கத்துக்கும் தலையாட்ட வேண்டுமா என்றால், வேண்டாம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் தன் நம்பிக்கைப்படி, தெளிந்த மனதோடு ரத்தம் ஏற்ற மறுத்தால் அது அவர் உரிமை. அவர் குழந்தையின் உயிர் என்றால் பல நாடுகளில் நீதிமன்றம் தலையிடுகிறது. மறுக்க வேண்டிய இடத்திலும் அவமதிக்காமல் மறுக்கலாம்.

நம் மாநிலத்தில் செவிலியரும் நோயாளியும் ஒரே மொழி, பல நேரம் ஒரே ஊர். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றும். ராம்ஸ்டன் மரபில் பண்பாடு என்பது இனம் மட்டுமல்ல. வயது, பாலினம், தொழில், வருமானம், உடற்குறை எல்லாம் அதில் அடக்கம். இங்கே சாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரசவ வார்டில் கூலிக்காரப் பெண்ணை "வா, போ" என்பதும், வலியில் கத்தினால் ஏசுவதும், திருநங்கையை எந்த வார்டில் படுக்க வைப்பது என்று அவர் காதுபடவே விவாதிப்பதும் பண்பாட்டுப் பாதுகாப்பின்மைதான். பிரசவத்தின்போது நடக்கும் அவமதிப்பைக் கண்டித்து உலக சுகாதார நிறுவனம் 2014-இல் அறிக்கை விட்டது. இந்திய அரசு 2017-இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும் மரியாதையான மகப்பேற்றுப் பராமரிப்பை வலியுறுத்துகிறது. ஆளில்லாத வார்டில் இரட்டை ஷிப்ட் பார்க்கும் செவிலியரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு மேலே இருப்பவர்களும் அவரை அப்படித்தான் நடத்துகிறார்கள்.

செவிலியர் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊசி போடுவதற்கும் காயம் கட்டுவதற்கும் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் தருகிறீர்கள். மாணவி கவனித்துக்கொண்ட நோயாளியின் சொல்லுக்கும் அதில் ஓர் இடம் கொடுங்கள். கட்டிலில் இருக்கும்போது கேட்டால் பயத்தில் "எல்லாம் நல்லாத்தான் பார்த்தாங்க" என்பார். ஆகவே அவர் வீடு திரும்பியபின், வார்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைக் கொண்டு கேளுங்கள். தொடக்கத்துக்குப் பத்து மதிப்பெண் போதும்.