முன் சக்கரமும் முக்கால் நூலும்



34 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பேசிப் பழகியவன் நான். ஒலிவாங்கியின் முன் அமர்ந்து ஜீப் வண்டியின் முன் சக்கரங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் என் வீட்டார் நகைத்தனர். தலைமை ஆசிரியருக்கும் மோட்டார் சக்கரத்துக்கும் என்ன உறவு என்று கேட்டனர். உறவு உண்டு, என் பிழை ஒன்றினால் ஏற்பட்ட உறவு அது. அதை முதலில் ஒப்புக்கொண்டு, பின்னர் பாடத்துக்கு வருகிறேன்.

போடிநாயக்கனூரின் விடியற்காலையைக் கண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்கு வெளுக்குமுன்பே தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். கையில் தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். ஏலத் தோட்டங்களில் காய் எடுக்கவும், சருகு ஒதுக்கவும், கவாத்துச் செய்யவும் போகிறவர்கள் அவர்கள். முந்தல் தாண்டியதும் மலை தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். 3000 அடிக்கு மேல் ஏறினால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாட்டு எல்லை முடிகிறது. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை என்று ஏலக்காடுகள் விரிகின்றன. மாலையில் அதே பெண்கள், அதே வண்டியில், அதே 17 வளைவுகளின் வழியே இறங்குவார்கள். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் ஏலக்காய்க்கு இந்தப் பயணமும் ஒரு விலை.

இம்மலையில் முன்பு வேறு வழிகளில் சரக்கு இறங்கியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு குரங்கணிப் பக்கம் இறங்கிய காலம் ஒன்று உண்டு. 1928-இல் போடிக்கு ரயில் வந்தது. ஜீப் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அமெரிக்கச் சேனைக்காக 1941 முதல் வில்லிஸ் கம்பெனியார் பெருந்தொகையாகச் செய்த அந்தச் சிறு வண்டியை, 1940-களின் இறுதியில் மகிந்திரா கம்பெனியார் பம்பாயில் பூட்டத் தொடங்கினர். போர்க்களத்துச் சேற்றுக்காகப் பிறந்த வண்டி நம் தோட்டத்துச் சேற்றுக்கும் பொருந்திவிட்டது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்வதுதான் அதன் சிறப்பு. அதன் முன் சக்கரங்களைச் சற்றே வேறாக நடத்த வேண்டியிருப்பதற்கும் அதுவே காரணம்.

இனி என் பிழை. ஓய்வு பெற்றபின், போடிமெட்டுக்கு அப்பால் எங்கள் குடும்பத்துக்குள்ள மூன்று ஏக்கர் ஏலத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றை வாங்கினேன். ஓர் ஆடி மாதத்து மழையில் இடது முன் சக்கரம் குழியில் விழுந்து எழுந்தது. அது முதல், வேகம் சற்றுக் கூடினால் ஸ்டியரிங் கையில் உதறத் தொடங்கியது. நான் எங்கோ படித்திருந்தேன்: உதறல் கண்டால் முன் சக்கரங்களின் அலைன்மென்டைச் சரி செய்ய வேண்டும் என்று. பாதியறிவு ஆசிரியனுக்கு மிகவும் ஆகாது. வழியிலிருந்த பட்டறை ஒன்றில், "சக்கரத்தைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை, டை ராடை மட்டும் திருகிக் கொடு" என்று அவசரப்படுத்தினேன். அவரும் திருகினார். உதறல் குறைந்தது. என் மேதைமையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, மாலையில் இறங்கும்போது, வண்டி தவறவிட்ட ஐந்து பெண்களை ஏற்றிக்கொண்டேன். பதினோராவது வளைவுக்குமுன் பிரேக்கை மிதித்தேன். வண்டி இடப்புறம் வெடுக்கென்று இழுத்தது. ஸ்டியரிங் என் இரு கைகளையும் உதறித் தள்ளியது. வண்டி மலைச்சுவரில் உரசி நின்றது. அந்த இடத்தில் இடப்புறம் மலை. அதற்கு முந்தைய வளைவில் இடப்புறம் பள்ளம். ஒரு மூதாட்டிக்கு மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. அவருடைய கூலியை நான் கொடுத்தேன். எனினும், அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "பரவாயில்லைங்க சார்" என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கால்மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

வண்டியைப் பழைய மாணவர் ஒருவருடைய பட்டறைக்கு இழுத்துப் போனோம். எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கில் என்னிடம் பலமுறை பிரம்படி வாங்கியவர்; இன்று அங்குலத்தின் அறுபத்து நான்கில் ஒரு பங்கைக் கண்ணாலேயே சொல்கிறார். இடது சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்கு ஆதாரமான கிங் பின்னின் கீழ்ப் பேரிங், நீர் புகுந்து துருவாகியிருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. "சார், டை ராடைத் திருகுவது கடைசி வேலை. நீங்கள் அதை முதலில் செய்யச் சொல்லிவிட்டீர்கள்" என்றார். பிரம்பு இடம் மாறிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

அவரிடம் நான் கற்ற பாடத்தை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

முன் சக்கரங்கள் இரண்டும் பார்வைக்கு நேராக நிற்பன போலத் தோன்றினாலும் உண்மையில் அவை நேராக நிற்பதில்லை. மேலிருந்து நோக்கினால், அவற்றின் முன் விளிம்புகள் பின் விளிம்புகளைவிட ஒன்றையொன்று சற்று நெருங்கியிருக்கும். கால் பெருவிரல்களை உட்புறம் திருப்பி நிற்பவனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பட்டறையில் டோ-இன் என்பர். பழைய வில்லிஸ் ஜீப்புக்கு இந்த நெருக்கம் எவ்வளவு தெரியுமா? அங்குலத்தை 64 கூறாக்கினால் 3 கூறு முதல், 32 கூறாக்கினால் 3 கூறு வரை. நம் தச்சர் கணக்கில் ஓர் அங்குலம் எட்டு நூல். ஆகவே மேல் வரம்பு சரியாக முக்கால் நூல். கீழ் வரம்பு அதில் பாதி. மில்லிமீட்டரில் சொன்னால் 1.2 முதல் 2.4 வரை. என் ஜீப்பில் அன்று அது ஒன்றரை நூல் இருந்தது!

நூல் என்னும் சொல்லைத் தமிழாசிரியன் எளிதில் கடந்து போக முடியாது. பஞ்சில் நூற்பதும் நூல், புலவர் எழுதுவதும் நூல், தச்சர் மரத்தில் பிடிப்பதும் நூல், அங்குலத்தில் எட்டிலொன்றும் நூல். மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் தீர்ப்பதையும் மனத்தின் கோணலைப் புலவரின் நூல் தீர்ப்பதையும் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் ஒப்பிட்டார். அதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவன் நான். அந்த நூலைக் கையில் பிடித்துச் சக்கரத்தின் கோணலைப் பார்க்க ஓய்வு பெறும்வரை எனக்குத் தோன்றவில்லை.

நெருக்கம் ஏன் வேண்டும்? பின் சக்கரம் மட்டும் ஓட்டும் வண்டியில் முன் சக்கரங்கள் தள்ளப்பட்டு உருள்கின்றன. தரை அவற்றைப் பின்னோக்கித் தடுக்கிறது. இணைப்புகளிலுள்ள சிறு இடைவெளி காரணமாக அவை வெளிப்புறம் விரியப் பார்க்கும். அதற்கு ஈடாகவே முதலில் சற்று உட்புறம் திருப்பி வைக்கிறோம். முன் சக்கரத்துக்கும் விசை கொடுத்ததும் நிலைமை மாறுகிறது. இப்போது அவை வண்டியை இழுக்கின்றன. விரிவதற்குப் பதில் உட்புறம் நெருங்கப் பார்க்கும். நான்கு சக்கர விசை வண்டிக்கு நெருக்கத்தைத் தாராளமாகக் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். கூடினால் டயரின் வெளி விளிம்பும், மாறாக விரிந்தால் உள் விளிம்பும் தேயும். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பப் பல்போல உறுத்தினால் அது கோணலின் கையெழுத்து.

இன்னும் இரண்டு சாய்வுகள் உண்டு. எதிரே நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை சற்று வெளிப்புறம் சாய்ந்திருக்கும். பழைய ஜீப்பில் ஒன்றரை பாகை. இது கேம்பர். பக்கவாட்டில் பார்த்தால் கிங் பின்னின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், மூன்று பாகை. இது காஸ்டர். சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பதால்தானே கைவிட்டு ஓட்டினாலும் அது நேராகப் போகிறது? அதே வேலைதான் இங்கும். காஸ்டரை வேண்டுமானால், ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வைத்துச் சிறிது மாற்றலாம். கேம்பரை மாற்ற அந்த வண்டியில் திருகு எதுவும் இல்லை. லாரியின் முன் அச்சு கெட்டியான இரும்பு. வளைந்தால் பட்டறையில் அழுத்தி நிமிர்த்துவார்கள். ஜீப்பின் முன் அச்சோ குழாய். அதனுள்ளே விசை கொண்டு செல்லும் தண்டு சுழல்கிறது. நுனியில் திரும்பும் மூட்டும் இருக்கிறது. சம்மட்டியால் நிமிர்த்தப் போனால் தண்டும் மூட்டும் கெடும். ஆகவே ஜீப்பில் கேம்பர் கெட்டிருந்தால், ஏதோ தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்றே கொள்க.

இனி வேலையின் வரிசை. சமதளம் வேண்டும். மலையில் சமதளத்துக்கு எங்கே போவது என்பீர்கள்; காப்பி உலர்த்தும் சிமெண்டுக் களம் போதும். நான்கு டயரும் ஒரே அளவினவா, காற்று சரியா என்று பாருங்கள். முன் அச்சை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் குற்றம் சக்கரப் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். இச்சிறு சோதனைக்கு அரை நிமிடம் ஆகும். அன்று அதை நான் செய்யவிட்டிருந்தால் அந்த அம்மாளின் கை முறிந்திராது. கிங் பின்னின் பேரிங் நல்ல நிலையில் இருந்து சற்றே தளர்ந்திருந்தால், மூடியின் கீழுள்ள மெல்லிய தகடுகளில் ஒன்றிரண்டை எடுத்து இறுக்கலாம். இறுக்கம் போதுமா என்பதை என் மாணவர் வில் தராசால் இழுத்துப் பார்க்கிறார்; பௌதிக ஆய்வுக்கூடத்தில் நான் காட்டிய அதே வில் தராசு.

அடுத்து ஸ்பிரிங் பட்டை. அதன் நடு போல்ட் முறிந்தால் ஒரு பக்கத்து அச்சு பின்னுக்கு நகர்ந்துவிடும்; டை ராடை எவ்வளவு திருகினாலும் வண்டி நேராகப் போகாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்தால் தெரிந்துவிடும். முன்னும் பின்னும் சக்கர அகலம் சமமாக உள்ள பழைய ஜீப்பில், பின் டயரின் இரு விளிம்புகளையும் தொட்டவாறு முன் டயர்வரை ஒரு கயிற்றைப் பிடித்தும் பார்க்கலாம். யூ போல்டுகள், ஷாக்கிள் புஷ்கள், டை ராடின் உருண்டை மூட்டுகள் ஆகியவற்றையும் கையாலாட்டிப் பாருங்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகே அளவு. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவில் சாக்பீஸ் பூசி, ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். வண்டியை இறக்கி, சில அடி முன்னே உருட்டுங்கள். பட்டைகள் தம் இயல்பில் அமரும். முன்பக்கம், சக்கர மையத்தின் உயரத்தில், இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து, அவ்விடத்தில் அடையாளமிடுங்கள். அந்த அடையாளம் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னே உருட்டி மீண்டும் அளவுங்கள். இரண்டின் வேறுபாடே நெருக்கம். டை ராடின் கிளாம்பைத் தளர்த்தி, குழாயைத் திருகினால் அது கூடும் அல்லது குறையும். மிகப் பழைய வண்டிகளில் நடுவே ஒரு திருப்புக் கையும் இருபுறமும் இரண்டு ராடுகளும் இருக்கும். அவற்றில் முதலில் இடது சக்கரத்தை நேராக்கி, பின்னர் வலது ராடைத் திருகி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டில் உள்ள அளவே அளவு.

இப்போது கம்ப்யூட்டர் வைத்து அளக்கும் நிலையங்கள் வந்துள்ளன. நல்ல கருவிதான். ஆனால், தேய்ந்த பேரிங் உள்ள வண்டியும் அசையாமல் நிற்கும்போது திரையில் பச்சை நிறம் காட்டக்கூடும். ஆட்டிப் பார்க்காமல் திரையை மட்டும் பார்க்கிறவர் என்னைப் போன்றவரே.

ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். காய்ந்த தார் சாலையில், வளைவில், நான்கு சக்கர விசையைப் போடாதீர்கள். திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓடுகிறது. பழைய ஜீப்பின் கியர்ப்பெட்டி அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பதில்லை. ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், மூட்டுகள் முறுகும். லீவர் சிக்கிக்கொண்டால் சில அடி பின்னே எடுத்தால் விடுபடும். புது டயர் முன்னும் தேய்ந்த டயர் பின்னுமாக ஓட்டினாலும் இதே கேடுதான். பின்புறப் படியில் ஆட்களைத் தொங்கவிட்டு ஏற்றுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பின் அச்சுக்கு அப்பால் கனம் ஏற ஏற முன் சக்கரம் தரையை விட்டு இலேசாகிறது. இலேசான சக்கரத்தை எந்த அலைன்மென்டும் திருப்பாது.

என் ஜீப்பைச் சென்ற வாரம் களத்தில் நிறுத்தி அளந்தேன். அரை நூல் காட்டியது. சாக்பீஸ் என் பழைய பள்ளியிலிருந்து வாங்கி வந்தது. அந்த அம்மாள்தான் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தார்.

நீங்களும் அளந்து முடித்தபின், வண்டியைச் சாலைக்கு எடுக்குமுன், டை ராடு கிளாம்பின் நட்டுகளை இறுக்கிவிட்டீர்களா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.