அமெரிக்காவின் மத்திய வகுப்பு ஏன் மெலிந்தது?



உலகில் செல்வம் மிக்க நாடு எது என்று வினவினால், பள்ளிச் சிறுவனும் ஐக்கிய அமெரிக்கா என்றே விடை கூறுவான். அந்நாட்டின் செல்வம் குன்றிவிடவில்லை. நாளுக்கு நாள் பெருகியே வந்திருக்கின்றது. ஆயினும் அச்செல்வத்தை உழைத்துத் தேடிய மக்களுள் நடுவில் நிற்போர் ஐம்பது ஆண்டுகளாக மெலிந்து வந்திருக்கின்றனர். நாடு கொழுக்க, நாட்டின் நடுவுடல் மெலிவது எங்ஙனம்? இவ்வினாவையே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்டோம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் உள்ள பியூ ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கணிப்பின்படி, 1971 இல் வயதுவந்தோர் நூறு பேரில் 61 பேர் மத்திய வருமானமுள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்களாய் இருந்தனர். 2021 இல் அத்தொகை 50 ஆகியது. குறைந்த 11 பேரும் கீழே விழுந்தவர்கள் என்று நாம் கூறமாட்டோம். மேல்வகுப்பு 14 இலிருந்து 21 ஆகவும், கீழ்வகுப்பு 25 இலிருந்து 29 ஆகவும் உயர்ந்தன. ஏறியவர்களும் உளர், இறங்கியவர்களும் உளர். ஆனால் நோயின் கடுமையை உணர்த்துவது வேறொரு கணக்கு. 1970 இல் நாட்டின் குடும்ப வருமானத்தில் நூற்றுக்கு 62 பங்கு மத்திய வகுப்பினர் கைக்குச் சென்றது. 2020 இல் அது 42 பங்காகச் சுருங்கியது. தலைகள் குறைந்ததிலும் விரைவாகத் தட்டிலிருந்த சோறு குறைந்தது.

"காலத்தின் போக்கு இது, இயந்திரம் வந்தது, உலக வாணிபம் வந்தது, யார் என்ன செய்ய முடியும்?" என்று கைவிரிப்போர் பலர். நாம் அதனை ஒப்புக்கொள்வதற்கில்லை. அமெரிக்காவின் மத்திய வகுப்பு மழையில் முளைத்த புல் அன்று; சட்டம் என்னும் வரம்பு கட்டி, தொழிலாளரின் ஒற்றுமை என்னும் நீர் பாய்ச்சி வளர்க்கப்பட்ட பயிர். அவ்வரம்பை வெட்டியதும் சட்டமே.

வளர்ந்த வரலாறு

1929 இல் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933 இல் உழைக்கும் மக்களுள் நால்வருக்கு ஒருவர் வேலையின்றித் திண்டாடினர். அவ்வாண்டு பதவியேற்ற ஜனாதிபதி பிராங்ளின் றூஸ்வெல்ற் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தார். மக்கள் வைப்பிலிட்ட பணத்தைக் கொண்டு வங்கிகள் பங்குச் சூதாடுவதை 1933 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. தொழிலாளர் சங்கம் அமைத்து முதலாளியுடன் பேரம் பேசும் உரிமையை 1935 ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. முதியோருக்கு மாதாந்த உதவிப் பணம் வழங்கும் திட்டத்தைத் தோற்றுவித்ததும் அதே ஆண்டுதான். 1938 இல் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 25 சதம் என்று விதிக்கப்பட்டது.

கமக்காரரும் மறக்கப்படவில்லை. விளைபொருளுக்கு நியாய விலை கிடைக்கச் செய்யும் சட்டம் 1933 இல் வந்தது. அக்காலத்திற் பத்துப் பண்ணைகளில் ஒன்றிலேதான் மின்சார விளக்கு எரிந்தது. நாட்டுப்புறத்துக்குக் கம்பி இழுத்தால் இலாபம் இல்லை என்று தனியார் கம்பனிகள் ஒதுங்கி நின்றன. அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. கமக்காரர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே கம்பி இழுத்தனர். இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ எல்லாப் பண்ணைகளும் ஒளி பெற்றன.

சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது. 1936 டிசம்பர் 30 ஆந் திகதி, மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரில், ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலை நிறுத்தஞ் செய்தனர். கடுங்குளிரில் 44 நாட்கள் அமர்ந்திருந்தனர். மாநில ஆளுநர் பிராங்க் மேர்பி படையை அனுப்பினார். ஆனால் தொழிலாளரை வெளியேற்ற அப்படையை ஏவ மறுத்துவிட்டார். கம்பனி சங்கத்தை ஏற்றுக்கொண்டது. அரசு முதலாளியின் கைத்தடியாகாது நின்ற அந்தக் குளிர்காலம், அமெரிக்கத் தொழிலாளி மத்திய வகுப்பினனாக மாறத் தொடங்கிய காலம் என்று கூறினால் மிகையாகாது.

1944 இல், போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்குக் கல்வியும் வீட்டுக் கடனும் வழங்கும் சட்டம் நிறைவேறியது. அதன் துணையுடன் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும் பயின்றனர். 1950 இல் மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வோல்ற்றர் றூதர் ஜெனரல் மோட்டோர்சுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்தார். விலைவாசி ஏறச் சம்பளமும் ஏறும். முதுமைக்கு இளைப்பாற்றுச் சம்பளமும் உண்டு. 1950களின் நடுவில் தொழிலாளர் மூவருள் ஒருவர் சங்க அங்கத்தவர். அக்காலத்தில், தனிமனிதர் ஒருவர் ஆண்டொன்றுக்கு இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் ஈட்டினால், அம்மேல்மிச்சத்தில் நூற்றுக்கு 91 பங்கு வரி விதிக்கப்பட்டது. பொருளாதாரம் நொறுங்கி விழுந்ததா? இல்லை. 1947 இற்கும் 1973 இற்கும் இடையில் நடுத்தரக் குடும்பத்தின் வருமானம், விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், ஏறத்தாழ இருமடங்காகியது.

ஆயினும் அந்த வீட்டில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. 1935 ஆம் ஆண்டு முதியோர் உதவிச் சட்டம் பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரரையும் விலக்கி வைத்தது. தென் மாநிலங்களிற் கறுப்பின மக்களுட் பெரும்பாலோர் இவ்விரு தொழில்களையே செய்தனர். கறுப்பினத்தார் வாழும் பகுதிகளைப் படத்திற் சிவப்பு மையாற் குறித்து, அங்கு வீட்டுக் கடனுக்கு உறுதி வழங்க மறுத்தது அரசாங்கம். வீடு வாங்குவதில் இனவேற்றுமை காட்டலாகாது என்ற சட்டம் 1968 இலேதான் பிறந்தது. ஒரு சட்டத்தால் யார் உயர்ந்தனர் என்று கேட்பவர், யார் வாசலில் நிறுத்தப்பட்டனர் என்றும் கேட்டல் வேண்டும்.

வரம்பு வெட்டப்பட்டது

வளர்த்த கையே வெட்டவும் தொடங்கியது. 1947 ஆம் ஆண்டின் ராவ்ற்-ஹாட்லி சட்டம் சங்கங்களைப் பலவீனப்படுத்த மாநிலங்களுக்கு வழி திறந்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறியது. பணவீக்கம் மக்களை வாட்டியது. 1977 செப்டெம்பர் 19 ஆந் திகதி, ஒகாயோ மாநிலத்து யங்ஸ்ரவுண் நகரிற் பெரும் உருக்காலை ஒன்று மூடப்படும் என்ற அறிவித்தல் வந்தது. ஏறத்தாழ 5,000 பேர் வேலையிழந்தனர். அந்நாளை அவ்வூர் மக்கள் 'கறுப்புத் திங்கள்' என்றே அழைக்கின்றனர். 1930 இல் 1,70,000 பேர் வாழ்ந்த அந்நகரில் 2020 இல் 60,000 பேரே எஞ்சினர்.

1981 ஓகஸ்ற் மாதம், வானூர்திப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் அரசாங்க உத்தியோகத்தர் வேலை நிறுத்தஞ் செய்தனர். அரசாங்க ஊழியர் வேலை நிறுத்தஞ் செய்வதைச் சட்டம் தடுத்திருந்தது உண்மை. ஆனால் ஜனாதிபதி றொனால்ட் றேகன் 11,000 இற்கு மேற்பட்டோரை ஒரே நாளில் நீக்கிய செயல், "சங்கத்தை உடைக்கலாம்; அரசு தடுக்காது" என்று தனியார் முதலாளிகளுக்கு விடுத்த செய்தியாயிற்று. பிளின்ற் நகரின் பாடம் தலைகீழாக எழுதப்பட்டது. 2024 இற் சங்க அங்கத்தவர் நூற்றுக்குப் பத்துப் பேரிலும் குறைவு. தனியார் துறையில் ஏறத்தாழ ஆறு பேர் மட்டுமே.

வரியின் கதையும் அதுவே. உச்ச வரி வீதம் 1980 இல் 70. 1982 இல் 50. 1988 இல் 28. பின்னர் சற்று உயர்ந்தும் தாழ்ந்தும் 2018 முதல் 37 ஆக இருக்கின்றது. செல்வர் மிச்சப்படுத்திய பணம் ஆலைகளாக மாறி, எல்லார்க்கும் வேலை தரும் என்று சொல்லப்பட்டது. மாடியில் நீர் ஊற்றினால் முற்றம் நனையும் என்பது அந்த வாதம். மாடியிலோ தொட்டி கட்டிக்கொண்டார்கள். உத்தியோகத்தர்கள் நன்கு அறிந்த இளைப்பாற்றுச் சம்பளமும் மறையத் தொடங்கியது. 1978 இல் வரிச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட பிரிவு ஒன்றைக் கொண்டு, முதலாளிகள் நிச்சயமான மாதாந்தப் பணத்துக்குப் பதிலாகத் தொழிலாளி தானே சேமித்துப் பங்குச் சந்தையில் இடும் முறையைப் புகுத்தினர். சந்தை விழுந்தால் அவன் முதுமையும் விழும். நாடு முழுவதற்குமான ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 7 டொலர் 25 சதம் என்று 2009 இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் அது உயர்த்தப்படவேயில்லை.

இது ஒரு கட்சியின் குற்றம் மட்டுமன்று. கனடா, மெக்சிக்கோ நாடுகளுடனான தடையில்லா வாணிப உடன்படிக்கையைக் குடியரசுக் கட்சியின் புஷ் பேசி முடித்தார். சனநாயகக் கட்சியின் கிளின்ரன் 1993 இற் சட்டமாக்கினார். சீனாவுக்கு நிரந்தர வாணிபச் சலுகை 2000 இல் அளிக்கப்பட்டது. கைத்தொழில்களில் வேலை செய்தோர் 2000 இல் 1 கோடி 73 இலட்சம். 2010 இல் 1 கோடி 15 இலட்சம். 1933 இல் வங்கிகளுக்கு இட்ட வேலி 1999 இற் பிடுங்கப்பட்டது. 2008 இல் வீட்டுக் கடன் சூதாட்டம் வெடித்தபோது, நிதி நிறுவனங்களைக் காப்பாற்ற 70,000 கோடி டொலர் வரை செலவிடச் சட்டம் இயற்றப்பட்டது. பல இலட்சம் குடும்பங்களின் வீடுகளோ ஈட்டில் மூழ்கி ஏலம் போயின.

கமக்காரன் கதி

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் முதுமொழி. அமெரிக்கக் கமக்காரனும் அக்கணக்கைப் பார்த்தவனே. 1970களில் விவசாயச் செயலாளர் ஏள் பட்ஸ் வேலி முதல் வேலி வரை விதைக்குமாறு ஊக்கினார். காணி விலை ஏறியது. காணியை ஈடு வைத்து மேலும் காணி வாங்கினர். 1980 ஜனவரியிற் சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்பதை அரசாங்கம் தடுத்தது. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி வட்டியை நூற்றுக்கு 20 அளவுக்கு ஏற்றியது. விளைபொருளின் விலை விழுந்தது, கடன் ஏறியது. 1981 இற்கும் 1986 இற்கும் இடையில் அயோவா மாநிலத்தில் ஏக்கர் விலை பாதிக்குங் கீழே சரிந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத காணிகள் ஏலத்தில் விடப்பட்டன. 1935 இல் 68 இலட்சமாய் இருந்த பண்ணைகள் 2022 இல் 19 இலட்சம். இயந்திரக் கலப்பை இதில் ஒரு பங்கு காரணம். ஆனால் விதைக்கச் சொன்னதும், விற்காதே என்றதும், வட்டியை ஏற்றியதும் இயந்திரம் அன்று, அரசாங்கமே.

மாற்ற முடியாததா?

இயந்திரமும் வெளிநாட்டுப் போட்டியும் ஜேர்மனிக்கும் வந்தன. ஆனால் அங்கு, 2,000 இற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கம்பனிகளின் மேற்பார்வைச் சபையிற் பாதி ஆசனங்கள் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உரியவை என்று 1976 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆலையை மூடுவதோ பெயர்ப்பதோ தொழிலாளி அறியாமல் நடத்தல் அரிது. அங்கும் குறைகள் உண்டு. எனினும் வருமான ஏற்றத்தாழ்வு அமெரிக்க அளவுக்குச் செல்லவில்லை.

அமெரிக்காவிலேயே அண்மையில் ஒரு சோதனை நடந்தது. 2021 இற் பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கு அரசாங்கம் உதவிப் பணத்தை உயர்த்தி வழங்கியது. அரசாங்க உதவிகளையும் சேர்த்துக் கணிக்கும் முறைப்படி, வறுமையில் வாழும் பிள்ளைகள் நூற்றுக்கு 5.2 ஆகக் குறைந்தனர். ஆண்டு முடிவில் அவ்வுதவி நிறுத்தப்பட்டது. 2022 இல் அத்தொகை 12.4 ஆக ஏறியது. ஓராண்டில் எந்த இயந்திரம் புதிதாக வந்தது? வந்ததும் போனதும் ஒரு சட்டமே.

நடு மெலிந்த நாட்டிற் சனநாயகமும் மெலிகின்றது. இருக்கும் ஒழுங்கைக் காப்பதால் தனக்கு நன்மையுண்டு என்று நம்பும் மக்களே நடுவில் நிற்பவர்கள். அந்நம்பிக்கை போனபின் கோபமே வாக்காகின்றது. ஆலைகள் மூடப்பட்ட ஊர்களின் மனக்கசப்பை 2016 தேர்தலில் மிச்சிகன், பென்சில்வேனியா மாநிலங்கள் காட்டின. ஆனால் கோபம் மட்டும் கஞ்சி வார்க்காது. 2018 இற் சீனப் பொருட்களுக்கு இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டது. சீனா எதிர்த்தீர்வை விதித்தது. சோயா விளைத்த கமக்காரர் சந்தையை இழந்தனர். அவர்களைத் தாங்க 2,800 கோடி டொலர் வரை உதவி அறிவிக்க நேர்ந்தது.

கோபம் அமைப்பாக மாறும்போதே பயன் விளைகின்றது. 2023 செப்டெம்பரில் மோட்டார்த் தொழிலாளர் டெற்றோயிற் நகரின் மூன்று பெருங் கம்பனிகளுக்கும் எதிராக ஒரே வேளையில் வேலை நிறுத்தஞ் செய்தனர். ஆறு வாரங்களிற் சம்பளத்தில் நூற்றுக்கு 25 உயர்வையும், 2009 இற் கைவிட்ட விலைவாசிப்படியையும் மீட்டனர். 1950 இல் றூதர் பெற்றுக் கொடுத்த அதே படி அது!

நண்பர்களே! மத்திய வகுப்பு என்பது உயர்ந்தோர் மனமிரங்கி அளித்த கொடையுமன்று, சந்தை தானாக ஈன்ற குழந்தையுமன்று. ஒன்றுபட்டோர் கேட்டுப் பெற்று, சட்டத்திற் பொறித்துக் காத்த உரிமை அது. காவலை விட்ட நாளில் அது தேய்ந்தது. எந்தச் சட்டம் வந்தாலும், "இதனாற் செல்வம் பெருகுமா?" என்பதோடு நில்லாமல், "பெருகும் செல்வம் யார் வீட்டுக்குப் போகும்?" என்றுங் கேட்பதே உழைப்போரின் கடமை. இதனையே அமெரிக்காவின் ஐம்பது ஆண்டு வரலாறு நமக்கு எடுத்துரைக்கின்றது.