பொது என்னும் சொல்



செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட சிற்றூராகிய மண்டகப்பட்டு என் ஊர். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இன்றி மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்துவைத்த குடைவரை எங்கள் ஊரில்தான் உள்ளது. அதன் நிழலில் ஒரு மாலை அமர்ந்திருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, அமெரிக்காவில் பெப்பிள் பீச் என்னும் கோல்ஃப் திடலைப் பொதுத் திடல் என்கிறார்கள். ஒருமுறை ஆட 600 டாலருக்கு மேலாம். அது எப்படிப் பொது?" என்றான்.

வினா சிறிது, விடை எளிதன்று. 1919இல் திறக்கப்பட்ட அத்திடலில் ஆடுவதற்குச் சங்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அவ்வளவே அங்கே பொது என்பதன் பொருள். இதனை முற்றும் நகைத்துத் தள்ளிவிடவும் கூடாது. பணம் இருந்தும் நிறத்தாலோ பிறப்பாலோ வாயிலில் நிறுத்தப்பட்ட காலத்தை உலகம் கண்டிருக்கிறது; நம் நாடும் கண்டிருக்கிறது. அதனினும் இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், 600 டாலர் நம் கணக்கில் அரை இலட்சம் ரூபாயைத் தாண்டும். பூட்டு இல்லாத கதவுதான். ஆனால் அதன் படி ஆளுயரத்துக்குமேல் இருக்கிறது.

கட்டணம் வாங்குவதே குற்றம் என்று நான் கூறவரவில்லை. செஞ்சிக் கோட்டையைக் காணவும் நுழைவுச் சீட்டு உண்டு. ஆனால் அது சிறு தொகை. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. நியூயார்க்கு மாநில அரசுக்கு உரிய பெத்பேஜ் பூங்காவில் ஒரு கோல்ஃப் திடல் உள்ளது. 2002இல் அமெரிக்க ஓப்பன் போட்டியே அங்கு நடைபெற்றது. அங்கே மாநிலத்தவர்க்குக் கட்டணம் மிகக் குறைவு. ஆட விரும்புவோர் முன்னிரவே வந்து, தத்தம் கார்களில் உறங்கி, வரிசையில் இடம்பிடிப்பார்கள். முந்தி வந்தவர்க்கே முதலிடம். அதனைப் பொது என்று அழைக்க என் நா கூசவில்லை.

நம் நாட்டு நிலை இன்னும் விந்தையானது. பெப்பிள் பீச்சில் நிலம் தனியாருடையது, ஆட்டம் பொது என்கிறார்கள். சென்னைக் கிண்டியிலோ நிலம் பொது, ஆட்டம் தனியாருடையதாக இருந்தது. 1945இல் ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு அளிக்கப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாயும் சில்லறையும்! பந்தயப் பாதைக்கு நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடல் பரந்து கிடந்தது. நம் சிற்றூர்களில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒன்று உண்டு. எவர் மாடும் அங்கே மேயலாம். கிண்டி நிலமும் அரசுக்கே உரியது. ஆயின் அதன் புல்லை மிதிக்க உறுப்பினர் உரிமை வேண்டியிருந்தது. வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை இரத்துச் செய்து நிலத்தைக் கையகப்படுத்தியது; அதன்மேலும் வழக்குகள் எழுந்தன. வெள்ளநீரைத் தேக்கும் குளங்களும் பூங்காவும் அங்கே அமையும் என்று அறிவிக்கப்பட்டது. வேளச்சேரி மக்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் படும் பாட்டை அறிந்தவர்க்கு அக்குளங்களின் அருமை விளங்கும். பூங்கா வாயிலில் என்ன கட்டணம் எழுதப்படும் என்பதையும் நாம் கவனித்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் சிறுவன் பொறுமையோடு கேட்டான். இறுதியில், கோல்ஃபின் தாயகமாகிய ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரைப் பற்றியும் சொன்னேன். அங்குள்ள பழைய திடல் உலகப் புகழ் பெற்றது; ஆயினும் ஊர்ப் பொதுநிலம். பெரும்போட்டி நாள்கள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் இல்லை. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அப்புல்வெளியில் உலாவுவார்கள், எவரும் தடுப்பதில்லை.

"நாம் போனாலும் நடக்க விடுவார்களா, ஐயா?"

"ஞாயிற்றுக்கிழமை போனால் விடுவார்கள்."

அவன் சிறிது நேரம் சிந்தித்தான். பிறகு, அவ்வூருக்குப் போக விமானக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டான்.