விட்டு விட்டு மறையும் வழிகாட்டி

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விமான நிலையமே இல்லாத தேனி மாவட்டத்தில் விமானக் கருவியின் பழுதைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கம்பத்திலிருந்து குமுளி மலையேறி வண்டிப்பெரியாற்றுக்குச் சென்றால், அருகே சத்திரம் என்னும் இடத்தில், தேசிய மாணவர் படையின் பயிற்சிக்கென அமைந்த 650 மீட்டர் ஓடுபாதையைக் காணலாம். 2022 டிசம்பரில் அங்கே முதன்முதலாக ஒரு சிறு விமானம் இறங்கியது. நம் பள்ளத்தாக்கை அடுத்த மலைமீதே விமானம் வந்துவிட்டது. அதை ஓட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் நம் பிள்ளைகள் ஏன் ஆயத்தமாகக் கூடாது?

ஜி.பி.எஸ். என்னும் வழிகாட்டி முறையை அறிவீர்கள். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அலைகளை அனுப்புகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் அலைகளைப் பெற்றால் கருவி தன் இருப்பிடத்தையும் உயரத்தையும் கணித்துவிடும். ஆனால் அந்த அலை நம்மை வந்தடையும்போது நம்பவியலாத அளவுக்கு நலிந்துவிடுகிறது. வீரபாண்டித் திருவிழாவில் ஒலிபெருக்கியின் கீழ் நின்றுகொண்டு, முல்லையாற்றின் மறுகரையில் ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்க முயல்வது போன்றது இது. ஆகவே மிகச் சிறிய இடையூறும் அதனை அழித்துவிடும்.

முற்றிலும் நின்றுபோன கருவியைப் பழுது பார்ப்பது எளிது. தொல்லை தருவது விட்டு விட்டு மறையும் பழுதே. வானில் அலை மறைந்தது என்று விமானி கூறுவார். தரையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். "குறை காணப்படவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் இருபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில், மேகத்தினிடையே அது மீண்டும் மறைந்தால் என்னாகும்? விமானியின் சொல்லை ஐயுற்று எழுதப்படும் அந்த இரண்டு சொற்களை நான் வெறுக்கிறேன். பழுது பார்ப்பவர் முதலில் கையிலெடுக்க வேண்டியது திருப்புளியை அன்று, குறிப்பேட்டை. எந்த நேரத்தில் மறைந்தது? எவ்விடத்தில்? விமானம் திரும்பும்போதா, நேராகச் செல்லும்போதா? அப்போது விமானி ரேடியோவில் பேசினாரா? மழை பெய்ததா? இவற்றிற்கான விடைகளிலேயே பாதிப் பழுது வெளிப்பட்டுவிடும்.

ரேடியோவில் பேசும்போது மட்டும் மறைந்தால் ஒரு பெருக்கற் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜி.பி.எஸ். அலையின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ். விமானி 121.175 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறார் என்று கொள்வோம். ரேடியோ தான் அனுப்பும் அலையோடு அதன் மடங்குகளையும் சிறிதளவு கசியவிடும். 121.175 ஐ 13 ஆல் பெருக்கினால் 1575.275, 131.275 ஐ 12 ஆல் பெருக்கினால் 1575.3. இரண்டும் ஜி.பி.எஸ். அலையின் வாசலிலேயே வந்து நிற்கின்றன! எனவே விமானத்தைத் தகரக் கொட்டகையிலிருந்து திறந்த வெளிக்குக் கொணர்ந்து, இத்தகைய அதிர்வெண்களில் ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் பேசி, கோள்களின் அலைவலிமை சரிகிறதா என்று காண வேண்டும். சரிந்தால் இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே உள்ள தூரத்தை நோக்குங்கள், வடிகட்டி தேவைப்படலாம். விபத்துக் காலத்தில் அபயக்குரல் எழுப்பும் கருவிகூடச் சில வேளைகளில் ரேடியோ அலையை வாங்கித் திரும்ப உமிழ்ந்து இதே குழப்பத்தை உண்டாக்கும். கைப்பேசிக்கு மின்னேற்றும் மலிவான சார்ஜர் மற்றொரு குற்றவாளி. அதைக் கழற்றி வைத்துப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

மழைக்குப் பின்னரோ அதிர்விலோ மறைந்தால் ஆன்டெனாவின் இணைப்பை ஐயுறுங்கள். விமானத்தின் முதுகில் உள்ள ஆன்டெனாவுக்கு வேண்டிய சிறு மின்சாரமும் அலை வரும் அதே கம்பி வழியாகத்தான் செல்கிறது. கனெக்டரில் ஈரமும் களிம்பும் ஏறினால் இரண்டுமே தடைப்படும். விமானத்தில் இரண்டு கருவிகள் இருந்து, தயாரிப்பாளரின் கையேடும் இடந்தந்தால், ஆன்டெனாக் கம்பிகளை மாற்றிப் பொருத்துங்கள். பழுது கம்பியோடு இடம் மாறினால் ஆன்டெனாவோ கம்பியோ காரணம். அதே கருவியிலேயே நின்றால் கருவி காரணம். எடுத்த எடுப்பில் விலையுயர்ந்த கருவியை மாற்றச் சொல்வோரை நான் நல்ல தொழில்நுட்பர் என்று ஒப்பமாட்டேன்.

இவையெல்லாம் விமானத்திற்குள் உள்ள காரணங்கள். வெளியேயும் உண்டு. பள்ளத்தாக்கில் தாழப் பறந்தால், அடிவானத்தை ஒட்டிய கோள்களை மலைகள் மறைத்துவிடும். எல்லைப்புறங்களில் வேண்டுமென்றே போலி அலைகளைப் பரப்புவதும் உண்டு. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில் இத்தகைய 465 நிகழ்ச்சிகள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

நம் வானத்திற்கே உரிய காரணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பெரியகுளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் கோடைக்கானல் மலைமேல், 1899 இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியனோடு, பூமியின் காந்தத்தையும் அயனி மண்டலத்தையும் நெடுங்காலமாக அங்கே அளந்து வந்துள்ளனர். ஏன் தெரியுமா? பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கருகே செல்கிறது. ராக்கெட் ஏவுவதற்குத் தும்பாவைத் தேர்ந்ததும் இதனாலேயே. இப்பகுதியில் சூரியன் மறைந்தபின் அயனி மண்டலத்தில் குமிழிகள் தோன்றி மேலெழும். அவற்றினூடே வரும் ஜி.பி.எஸ். அலை, விண்மீன் மினுக்குவது போல மினுக்கிச் சில நேரம் அறுந்தே போகும். பங்குனி சித்திரையிலும், புரட்டாசி ஐப்பசியிலும், சூரியனின் கொந்தளிப்பு மிகுந்த ஆண்டுகளிலும் இது கூடுதல். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் முறை அயனி மண்டலத்தால் நேரும் பிழையைத் திருத்தித் தருகிறது. ஆயினும் அறுந்துபோன அலையை அதனால் ஒட்டித்தர இயலாது. எனவே இரவு எட்டு மணிக்கு மட்டும் மறையும் கருவியைக் காலை பத்து மணிக்குச் சோதித்துவிட்டுக் குறையில்லை என்று எழுதுவதில் பொருளேயில்லை.

இத்தொழிலில் சேர விரும்புவோர் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்றிருக்க வேண்டும். விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தில் மின்னணுக் கருவிகளுக்குரியது பி-2 பிரிவு. தேர்வை நடத்துவது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுமுன் அந்த இயக்குநரகத்தின் ஒப்புதல் அதற்கு உண்டா என்று கட்டாயம் பாருங்கள்.

கூட்டம் முடிந்தபின் அந்தப் பெருக்கற் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். 121.2 ஐயும் 131.25 ஐயும் மாணவர்கள் தாமே பெருக்கிக்கொண்டு வரட்டும்.