கரும்பலகையும் பிளாக்போட்டும்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாம் எல்லோரும் எழுத்துப் பழகியது கரும்பலகையைப் பார்த்துத்தான். இன்று அந்தச் சொல்லையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

கருமையும் பலகையும் சேரும்போது 'மை' கெட்டு, 'ம்' தோன்றிக் கரும்பலகை ஆகிறது. தமிழில் சொற்கள் ஒட்டியதை எழுத்தே காட்டிவிடும். ஆங்கிலத்தில் பிளாக், போட் என்பன ஓரெழுத்தும் மாறாமல் சேர்கின்றன. அங்கே ஒட்டைக் காட்டுவது குரல். 'பிளாக்போட்' இரண்டு அசை. முதலசையை அழுத்திச் சொன்னால் அது வகுப்பறைப் பலகை. பச்சை வர்ணம் பூசியிருந்தாலும் பெயர் அதுவே. அழுத்தம் 'போட்'டில் விழுந்தால், கறுப்பு நிறமான ஏதோ ஒரு பலகை. 'கிறீன்ஹவுஸ்' என்பதும் அப்படியே. முன்னசை அழுந்தினால் செடி வளர்க்கும் கண்ணாடி வீடு. பின்னசை அழுந்தினால் பச்சை நிற வீடு.

தமிழ் பேசும் நாம் அசைகளை ஏறத்தாழச் சமமாகவே சொல்லிப் பழகியவர்கள். எம்முள் ஒருவர் வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நம் 'இங்கிலிஷ் ரீச்சர்' பற்றிப் பெருமையோடு சொன்னார். "அவர் இங்கிலாந்தில் எந்த ஊர்?" என்று கேட்டார்கள். ரீச்சரோ நம்மூரிலேயே பிறந்து வளர்ந்தவர்! 'இங்' என்பதை அழுத்தினால் ஆங்கிலம் கற்பிப்பவர். 'ரீச்' என்பதை அழுத்தினால் இங்கிலாந்துக்கார ஆசிரியை. பிரித்து எழுதும் தொடரிலும் இந்த வேறுபாடு உண்டு.

விலக்குகளும் இல்லாமலில்லை. 'அப்பிள் கேக்' என்பதில் முன்சொல் அழுந்தும். 'அப்பிள் பை' என்பதில் பின்சொல் அழுந்தும். அகராதியில் அழுந்தும் அசைக்கு முன்னே, மேற்புறத்தில் ஒரு சிறு கோடு இருக்கும். நாம் எழுத்துக்கூட்டலையும் கருத்தையும் மனனம் செய்தோம். அந்தக் கோட்டைக் கவனிக்கவில்லை.

இன்று பேரப்பிள்ளைகள் நமது உச்சரிப்பைத் திருத்தும்போது, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! சகோதரிகளே, அது அறிவுக் குறைவன்று. தாய்மொழி தந்த பழக்கம். எந்த வயதிலும் காது கொடுத்துக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால் மட்டும் திருந்தாது.

இன்று இங்கே கற்பிக்கும் ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். பலகையில் புதிய ஆங்கிலச் சொல் எழுதும்போது அந்தச் சிறு கோட்டையும் இட்டுவிடுங்கள். நமக்குக் கிடைக்காதது நம் தங்கைமாருக்குக் கிடைக்கட்டும்.

வாழ்க நம் கல்லூரி அன்னை!