வார்டு மாறலாமா?

(யூபிலி ஆண்டையொட்டி நமது பங்கின் செவிலியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த யூபிலி ஆண்டில் பாடகர் குழுவுக்கும் பீடச் சிறுவர்களுக்கும் மரியாதை செய்தோம். இரவெல்லாம் கண் விழித்துவிட்டு, சீருடையோடேயே ஞாயிறு முதல் பூசைக்கு வந்து, கடைசி பெஞ்சில் கண்ணயர்ந்துவிடும் உங்களுக்கென்று ஒரு கூட்டம் வைக்க இத்தனை காலம் ஆயிற்று. அதற்காக முதலில் மன்னிப்புக் கேட்கிறோம்.

மன்னிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021-இல் கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த சமயம் ஒரு சகோதரி நம்மிடம் வந்தார். ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணி செய்தவர். "சாமி, மானிட்டர் அலறினாலும் மனசு அசையமாட்டேங்குது. நோயாளி ஆளாகத் தெரியவில்லை. படுக்கை நம்பராகத்தான் தெரிகிறார். குழந்தைகள் வார்டுக்கு மாற்றல் கேட்கலாமா?" என்றார். நாம் சொன்ன பதில்: "சிலுவையை இறக்கி வைக்காதேம்மா." அவரும் இறக்கி வைக்கவில்லை. ஓராண்டு சுமந்தார். பிறகு செவிலியர் பணியையே விட்டுவிட்டார். நம் அவசர வார்த்தை இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது.

அவர் சொன்னது சோம்பலும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. 2019-இல் ஏற்கப்பட்ட நோய் வகைப்பாட்டில் உலக சுகாதார நிறுவனம் இதைத் தெளிவாகக் குறித்திருக்கிறது. தீராத வேலை நெருக்கடியால் வரும் நிலை இது. தனி நோய் அல்ல. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், நம்மால் எதுவும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம்.

அப்படியானால் வார்டு மாறலாமா? மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதல் கேள்வி: இப்போது முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறீர்களா? மனம் இருண்ட வேளையில் முன் செய்த தீர்மானத்தை மாற்றாதே என்பது புனித இஞ்ஞாசியாரின் அறிவுரை. குருமடத்தில் படித்த அந்த விதியில் பாதியைத்தான் நாம் அன்று நினைத்தோம். இருளில் முடிவெடுக்காதே என்றாரே தவிர, இருளிலேயே கிட என்று அவர் சொல்லவில்லை. சாக விரும்பிச் செடியடியில் படுத்த எலியாவுக்கு வானதூதர் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் தூங்க விட்டார். வழியும் வேலையும் அதற்குப் பிறகே வந்தன. ஆகவே முதலில் விடுப்பு எடுங்கள், தூங்குங்கள். ஓய்வெடுத்தும் இருள் விலகவில்லை என்றாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ தாமதமின்றி மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாம் கேள்வி: களைப்பைத் தருவது எது? அந்தப் பணியா, அது நடக்கும் விதமா? செயற்கைச் சுவாசக் கருவியில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதே முறை. ஒருவரே மூவரைக் கவனித்தால், வற்றிப்போனது உங்கள் அன்பு அல்ல. ஆள் கணக்குத்தான் தவறு. அந்தக் கணக்கோடு வேறு வார்டுக்குப் போனாலும் அதே களைப்பு கூடவே வரும். அங்கே தேவைப்படுவது கூடுதல் ஆட்களும் ஒழுங்கான டியூட்டி முறையும். அதை ஒருவர் தனியாக அல்ல, எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

மூன்றாம் கேள்வி: எதை விட்டுப் போகிறீர்கள் என்பது தெரியும், எதை நாடிப் போகிறீர்கள்? அவசரப் பிரிவில் முகங்கள் வந்து வந்து மறையும். டயாலிசிஸ் பிரிவில் அதே முகங்கள் வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஆண்டுக்கணக்கில் வரும். அவர்களுள் ஒருவர் வராமற்போனால் வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் இருக்கும். பிரசவ வார்டில் மகிழ்ச்சி உண்டு. ஒரு நிமிடத்தில் ஆபத்தும் உண்டு. சுமையில்லாத வார்டு கிடையாது. எந்தச் சுமை உங்கள் தோளுக்குப் பொருந்தும் என்பதே கேள்வி. முடிந்தால் சில நாட்கள் அங்கே வேலை செய்து பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

மாறுவது ஓடிப்போவது ஆகாது. இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செவிலியர் பயிற்சி பெற்றவர். முதுகு வலி அந்தப் பணியைத் தொடர விடவில்லை. மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். பின் படித்து 1957-இல் மருத்துவரானார். 1967-இல் லண்டனில் சாகும் நிலையில் உள்ளோருக்காகப் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வேலை மாறியது, நோயாளியின் கையை அவர் விடவில்லை.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. இரவுப் பணி முடித்து வருகிறவர் பகலில் தூங்குவது உரிமை, சலுகை அல்ல. அந்த நேரத்தில் அடுப்படிக்கும் விருந்தினருக்கும் அவரை எழுப்பாதீர்கள்.

முடிவு உங்களுடையது. ஆலோசனை வேண்டுமானால் பங்கு இல்லத்தின் கதவு திறந்திருக்கிறது. இம்முறை சிலுவையைப் பற்றிப் பேசித் தொடங்கமாட்டோம். "சாப்பிட்டாயாம்மா, தூங்கினாயா?" என்றே முதலில் கேட்போம்.

இறைவன் உங்கள் கைகளை ஆசீர்வதிப்பாராக!